ஓரியாவா மின்னாவா

ஓரியா வாங்கலாமா மின்னா வாங்கலாமா என்று என்னிடம் கேட்காத ஆள் அருப்புக்கோட்டையில் கிடையாது. நான் போன் விற்கிறவன் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒரு மேஜை, ஒரு குடை. போனுக்கு டெம்பர் கண்ணாடி ஒட்டுவதும் உறை போடுவதும்தான் என் பிழைப்பு. பெயர் தவசிலிங்கம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் என்னிடம்தான் கேட்பார்கள். விற்கிறவன் பொய் சொல்வான், ஒட்டுகிறவன் ஆயிரம் போனைப் புரட்டிப் பார்த்தவன், அவனுக்கு உண்மை தெரியும் என்று ஒரு நினைப்பு.

நானும் சொல்வேன். ஓரியா படம் நன்றாக எடுக்கும். கருத்த ஆளைக் கருப்பாகவே காட்டும். மின்னா எல்லோருக்கும் சுண்ணாம்பு அடித்துவிடும். மின்னாவில் சார்ஜ் இரண்டு நாள் நிற்கும். ஓரியா கீழே விழுந்தால் செத்துப்போகும், மின்னா விழுந்தால் எழுந்து ஓடும். ஓரியாவில் விரல் பட்டால் வெண்ணெயில் பட்ட மாதிரி வழுக்கும். மின்னாவுக்கு இரண்டு தட்டுத் தட்ட வேண்டும்.

"அதெல்லாம் கெடக்கட்டும் பெருசு. எண்ணு எதுல நல்லா ஏறும்? அதச் சொல்லும்."

கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் இதுதான்.

எண் என்றால் தாங்கு எண். போனில் விரல் படும்போதெல்லாம் அது விரல் நுனியில் ஓடுகிற ரத்தத்தைப் பார்க்கும். சத்து இருக்கிறதா, துடிப்பு சரியா, எத்தனை நாளைக்கு இந்த உடம்பு தாங்கும் என்று நூற்றுக்கு இவ்வளவு என எண் போடும். நமக்குக் காட்டாது. மனுசன் பயந்துவிடுவானாம். நேரே ஆஸ்பத்திரிக்குப் போகும். நாலு மாவட்டத்துக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரி, வாரத்துக்கு ஆறு ஆப்பரேசன். யாருக்குச் செய்தால் வீணாகாது என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் எடுப்பார்கள். நாற்பதுக்குக் கீழே இருந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு இரண்டு கம்பெனி மேலும் நம்பிக்கை கிடையாது. ஓரியாப் பெட்டிக்குள் ஒரு சீட்டு வரும். போன் மேல் கண்ணாடி ஒட்டுவது மாதிரிப் படம் போட்டு, குறுக்கே சிவப்பில் கோடு அடித்திருப்பான். ஒட்டாதே என்று அர்த்தம். ஏன் ஒட்டக்கூடாது? ஒட்டாவிட்டால் உடையும். உடைந்தால் புதுசு வாங்குவாய். அந்தச் சூது எனக்குத் தெரியாதா? சீட்டைக் கசக்கி எறிந்துவிட்டு ஒட்டுவேன்.

எங்கள் ஊர்க்காரனுக்கு ஒட்டாமலும் இருக்க முடியாது. புது டி.வி. ரிமோட்டுக்குப் பாலிதீன் பை போடுகிறவன் அவன். வண்டி சீட்டில் வந்த பிளாஸ்டிக் கிழிந்து தொங்குகிற வரை கழற்றமாட்டான். வெறும் போனைக் கையில் வைத்திருந்தால் வேட்டி அவிழ்ந்த மாதிரி கூசுவான். கடையிலிருந்து பெட்டியோடு நேராக என் மேஜைக்குத்தான் வருவான்.

என் வேலையில் குறை சொல்ல முடியாது. ஒட்டி முடித்ததும் நாலு ஓரமும் நகத்தால் தடவிப் பார்ப்பேன். நகம் எங்கேயும் மாட்டக்கூடாது. கண்ணாடி இருப்பதே கண்ணுக்குத் தெரியக்கூடாது. எதிர்வரிசையில் சிக்கந்தர் என்று ஒருத்தன் இதே தொழில் செய்கிறான். நல்லவன், அண்ணே அண்ணே என்று உயிரை விடுவான். ஆனால் அவன் ஒட்டியதில் நகம் மாட்டும்.

போன வருசம் என் சம்சாரம் சீனியம்மாளுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குழாயடியிலிருந்து வீட்டுக்கு நாலு தடவை உட்கார்ந்து வருவாள். நெஞ்சில் வால்வு போயிருக்கிறது, மாற்றினால் பத்து வருசம் இருப்பார் என்றார் டாக்டர். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண் சீனியின் போனை ஒரு தட்டில் வைத்தாள். ஓரியா போன், நான்தான் வாங்கச் சொன்னேன்.

"முப்பத்தாறு. நாப்பது இருந்தாத்தான் பட்டியல்ல ஏத்த முடியும்யா."

"தாயி, இந்தப் பொம்பள ரெண்டு மாடி ஏறி வந்துருக்கு. ஆளப் பாத்துச் சொல்லு."

"நான் ஆளப் பாக்குறதுக்கு இங்க உக்காரல. போன் சொல்றதத்தான் சொல்றேன். அடுத்த மாசம் வாங்க. கடைசி முப்பது நாள் சராசரியப் பாப்போம். ஏறியிருந்தா பேர் எழுதலாம். அதுவும் பட்டியல் நெறஞ்சு கெடக்கு. யாராவது எறங்கினாத்தான் எடம்."

"ஏறலேன்னா?"

"ஏறலேன்னா ஏறல. அடுத்த ஆள்."

வெளியே பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் உட்கார்ந்திருந்தான். ஐம்பது வயசிருக்கும், பெயர் குருவலிங்கம், பாலையம்பட்டிக்காரன். அவனுக்கும் அதே வால்வுதான். சீனி அரை மணி நேரத்தில் அவன் குலம் கோத்திரம், மகள் ஏழாவது படிப்பது, சம்சாரம் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தது எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். தூக்குச்சட்டியிலிருந்து நாலு இட்லியைப் பொடி தடவி அவனுக்குக் கொடுத்தாள். அவளுக்கு வாயில் எதுவும் தங்காது, கையிலும் தங்காது.

"எனக்கு நாப்பத்தொண்ணு அண்ணாச்சி. பட்டியல்ல கடைசிப் பேரு நாந்தான். தொத்திக்கிட்டு நிக்கிறேன்," என்று சிரித்தான். "இந்தா பாருங்க, நீங்க ஒட்டுன டெம்பர்தான். ஸ்பேனர் விழுந்து தெறிச்சுருச்சு."

அதுவும் ஓரியாதான். பெருவிரல் படுகிற இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கண்ணாடி பெயர்ந்து, உள்ளே வெறும் போன் தெரிந்தது. அன்றைக்கு அது எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் ஜெசிந்தா வந்தது. ஓரியா சர்வீஸ் சென்டரில் வேலை பார்க்கிற பிள்ளை. பந்தல்குடி பஸ்ஸுக்கு நிற்கும்போது என் குடை நிழலில் ஒதுங்கும். நான் ஒரு ஓரியாவுக்கு ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தது. வாங்கினவன் நகர்ந்ததும் சொன்னது:

"தாத்தா, ஓரியாவுக்கு ஒட்டாதீங்க."

"ஒங்க கம்பெனிக்காரன் போட்ட படத்தப் பாத்துட்டேன், போ தாயி. ஒடஞ்சாத்தான ஒங்களுக்கு யாவாரம்."

"யாவாரத்துக்கு இல்ல. ஒட்டுனா எண்ணு எறங்கிரும்."

என் கை நின்றது.

"மின்னா வாங்குன அன்னைக்கே கேக்கும், கண்ணாடி ஒட்டிருக்கீங்களான்னு. ஆமான்னா அதுக்குத் தக்கன கூட்டிப் போட்டுக்கும். நம்ம நாட்டுல செஞ்சது. நம்ம ஆளுக ஒட்டாம விடமாட்டாங்கன்னு அவனுக்குத் தெரியும். ஓரியா செய்யிற ஊர்ல ஒருத்தரும் ஒட்டுறதில்ல தாத்தா. அப்படி ஒரு பழக்கம் இருக்குன்னே தெரியாமப் பண்ணிட்டாங்க. கண்ணாடிக்கு மேல விரல் பட்டா ரத்தம் மங்கலாத் தெரியுது. மங்கலாத் தெரிஞ்சா ஒடம்பு மோசம்னு எழுதிருது."

"எம்புட்டு எறங்கும்?"

"இருவது. சில பேருக்கு இருவத்தஞ்சு."

"ஒங்க ஆளுகளுக்குத் தெரியுமா?"

"ரெண்டு வருசமாத் தெரியும். இப்பச் சொன்னா, இதுவரைக்கும் வாசலோட திரும்பிப் போய்ச் செத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது? சீட்டுல படம் போட்டுட்டோம்ல, அது போதும்னுட்டாங்க. எங்ககிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க. நான் சொன்னேன்னு வெளிய வந்துச்சுன்னா உள்ள போட்டுருவாங்க தாத்தா. நீங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம். ஒட்டாம இருந்தாப் போதும். இந்த ஊர்ல பாதிப் போனு ஒங்க கையில ஒட்டுனதுதான்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டது.

சீனிக்கு முப்பத்தாறு. இருபதைக் கூட்டினால் ஐம்பத்தாறு. நாலாம் வகுப்புப் படித்தவனுக்கு இந்தக் கணக்குப் போதும்.

அடுத்த கணக்கும் வந்தது. அவளுக்கு மட்டும் கழற்றினால் அவள் ஐம்பத்தாறு. ஊருக்கெல்லாம் கழற்றினால் எல்லோருக்கும் எண் ஏறும். முப்பதில் கிடக்கிறவன் ஐம்பதுக்கு வருவான், நாற்பதில் இருக்கிறவன் அறுபதுக்குப் போவான். வாரத்துக்கு ஆறு பேர்தான். இருபது வயதுக்காரனும் முப்பது வயதுக்காரனும் முன்னால் போய் நின்றால், அறுபத்தாறு வயது சீனி எந்த மூலையில் நிற்பாள்?

நான் ஒட்டினேன். அன்றைக்கு மட்டும் பதினோரு ஓரியாவுக்கு ஒட்டினேன். இதை மறைத்து எழுத நான் படித்தவன் இல்லை.

வீட்டுக்குப் போய் சீனியின் போனை வாங்கிக் கண்ணாடியைப் பெயர்த்து எடுத்தேன்.

"ஏங்க, எதுக்கு உரிக்கிறீக?"

"கீறல் விழுந்துருச்சு. வேற ஒட்டித் தாரேன்."

"நல்லாத்தான இருந்துச்சு?"

"ஒனக்கு என்ன தெரியும், சும்மா கெட."

அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் சாயங்காலத்துக்குள் குழாயடிக்குத் தெரியும். மறுநாள் பஸ் ஸ்டாண்டுக்குத் தெரியும். அவளே ஒவ்வொருவர் போனாக வாங்கி, "தாயி, இத உரிச்சுரு, ஒனக்கு நல்லது," என்று நகத்தால் நெம்பிக்கொண்டு நிற்பாள். அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அவளுக்குத் தெரியக்கூடாது. அப்படித்தான் நினைத்தேன்.

அன்றிலிருந்து அவள் போனை நான் தொடவில்லை. வேற்று விரல் பட்டால் அந்த நாளைக் கணக்கில் சேர்க்காது என்று சொல்வார்கள். மூடி வைத்த உறைக்குள் போட்டு இடுப்பிலேயே வைத்திருப்பாள். மூன்று தடவை கேட்டாள். "டெம்பர் ஒட்டலையா? வெறும் போனு கையில கூசுதுங்க." நாளைக்கு, நாளைக்கு என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது நான் வீட்டில் உட்கார்ந்து யாருடைய போனுக்கோ ஒட்டிக்கொண்டிருந்தேன். அப்போதெல்லாம் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியிருந்தது. கண்ணில் புரையும் வேறு. உள்ளே காற்றுக் குமிழ் நின்றுவிட்டது. உரித்து மறுபடி ஒட்டினேன், மறுபடியும் குமிழ். சீனி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று சந்தோசப்பட்டேன்.

குருவலிங்கம் அந்த வாரம் மேஜைக்கு வந்தான். நடந்து வந்த களைப்பில் ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"அண்ணாச்சி, இந்த ஒடஞ்ச டெம்பரக் கழட்டி எறிஞ்சு விடுங்க. வெரலக் கிழிக்குது. புதுசு வேணாம், இருக்குற மட்டும் வெறும் போனா இருந்துட்டுப் போகுது."

அந்த ஒரு ரூபாய் ஓட்டைதான் அவனை நாற்பத்தொன்றில் நிறுத்தியிருக்கிறது. முழுக்கக் கழற்றிக் கொடுத்தால் ஐம்பதுக்கு மேலே போவான். கடைசிப் பெயர் முதல் பெயராகிவிடும். பட்டியலில் இடம் காலியாகாது.

"வெறும் போனா? லாரில வச்சு ஓட்டுற ஆளு பேசுற பேச்சா இது? விழுந்துச்சுன்னா ஒன் எண்ணு அம்புட்டும் போச்சு. புதுப் போனுக்கு ஒன் வெரல் பழக ஒரு வருசம் ஆகும். ஒரு வருசம் இருப்பியா நீ?"

அவன் முகம் செத்துவிட்டது. "அய்யய்யோ, அப்ப ஒட்டிருங்க."

"காசு வேணாம், வை."

இருப்பதிலேயே கனத்த கண்ணாடியை எடுத்தேன். நாலு தடவை முயன்று, குமிழ் இல்லாமல் ஒட்டி, நகத்தால் ஓரம் பார்த்தேன். மாட்டவில்லை. அவன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"மதினிக்கு நல்லபடியா ஆகணும்ணாச்சி. அன்னைக்குத் தந்த இட்லி இன்னும் நாக்குல நிக்குது."

"ஆகும் ஆகும். போ, பஸ்ஸு வந்துரும்."

முப்பது நாள் ஆனது. ஆஸ்பத்திரி பெஞ்சில் குருவலிங்கம் இருந்தான். பக்கத்தில் அவன் சம்சாரம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது.

"பேர அடிச்சுட்டாங்க அண்ணாச்சி. இருவத்தொம்பதாம். எனக்கு ஒண்ணும் கொறஞ்ச மாதிரியே தெரியல. எப்படித்தான் தெரியுதோ அதுக்கு."

சீனி அவன் தோளைத் தடவிக்கொண்டே நின்றாள். நான் அவளை இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோசம்தான். இடம் காலி. இவள் எண் ஐம்பத்தாறு.

தட்டில் போனை வைத்த பெண் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"முப்பத்தஞ்சு."

"தாயி, சரியாப் பாரு."

"முப்பத்தஞ்சுய்யா. போன மாசத்துக்கு ஒண்ணு கம்மி."

"இருக்காது. கூடியிருக்கணும். இருவது கூடியிருக்கணும்!"

"எதுக்குக் கூடணும்? ஒடம்பு எறங்கிக்கிட்டு வருது. பாட்டியக் கூட்டிட்டுப் போய் ஆசைப்பட்டதச் செஞ்சு குடுங்க. அடுத்த ஆள்!"

பின்னால் நின்றவன் என்னை இடித்துக்கொண்டு போனான். குருவலிங்கத்தின் இடம் அவனுக்குக் கிடைத்தது. மின்னா வைத்திருந்தான்.

ஜெசிந்தா பொய் சொல்லிவிட்டது என்று நினைத்தேன். கம்பெனிக்காரி, எதையோ சொல்லி என் தொழிலைக் கெடுக்கப் பார்த்தாள் என்று வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் சீனி என் தோளில் சாய்ந்துகொண்டு, "விடுங்க. எனக்கு முடிஞ்சுருச்சுன்னா முடிஞ்சுட்டுப் போகுது. அந்த டிரைவருக்குப் பொட்டப் பிள்ள இருக்கே, அத நெனச்சாத்தான் பாவமா இருக்கு," என்றாள்.

பதினேழாம் நாள் காலையில் முகம் கழுவப் போனவள் தொட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. குருவலிங்கம் அவளுக்கு முந்திக்கொண்டு போய்விட்டான் என்று கேதத்துக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

காரியம் முடிந்து நாலாம் நாள், அவள் லைனை அடைக்க வேண்டும் என்று போனை எடுத்தேன். உறையின் மூடியைத் திறந்து, பழக்கதோசத்தில் நகத்தால் ஓரத்தைத் தடவினேன்.

மேல் ஓரம் வழுக்கியது. வலது ஓரம் வழுக்கியது. இடது ஓரத்தில் நகம் மாட்டியது.

வெயிலில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கண்ணாடி. புதுக் கண்ணாடி.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனேன். சிக்கந்தர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். சர்க்கரையில் புண்ணாகிக் கட்டுப் போட்ட காலை ஊன்ற முடியாமல் மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"வாங்கண்ணே. ஒக்காருங்க. கட திறக்க வந்தீகளா?"

"இது நீ ஒட்டுனதா?"

போனை வாங்கிப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது.

"மதினி கேட்டுச்சுண்ணே. ரெண்டு மாசம் இருக்கும். ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கிருச்சு. இனிமே என்ன, சொல்லிர்றேன்."

"சொல்லு."

"ஒங்க அண்ணனுக்குக் கை நடுங்குது சிக்கந்தரு, என் போனுக்கே ஒட்ட முடியாம நாள் கடத்துறாக, கேட்டா கோவப்படுறாக, நான் கேக்கக் கேக்க மனசு ஒடஞ்சு போவாகன்னு சொல்லுச்சு. நீ ஒட்டிரு, அவுகளுக்குத் தெரியாத மாதிரி நல்லா ஒட்டுன்னுச்சு. என்னால முடிஞ்ச மட்டும் பாத்துத்தான்ணே ஒட்டுனேன். ஓரத்துல கொஞ்சம் தூக்கிருச்சு. அதுக்காகக் கோவிச்சுக்கிறாதீக."

எதிரே என் குடை மடக்கிக் கிடந்தது. அப்போதுதான் கடையிலிருந்து வந்த ஒருவன், பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் ஒட்டுவது என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்றான் சிக்கந்தர், "வந்த எடத்துல ஒரு ஒத்தாசை. வர்ற மாசம் இந்தக் காலுக்குப் பெரிய ஆஸ்பத்திரில எண்ணு பாக்கச் சொல்லிருக்காக. என் போனுல டெம்பரு ஒடஞ்சு நேத்துத்தான் உரிச்சேன். வெறும் போனா கொண்டு போகவும் பயமா இருக்கு. எனக்கு நானே ஒட்டுனா நல்லா வராது. என்ன இருந்தாலும் ஒங்க கை மாதிரி வருமா?"

போனை நீட்டினான். ஓரியா.

வாங்கி, என் மேஜைக்குப் போய்க் குடையை விரித்தேன். துணியால் போனைத் துடைத்தேன். பெட்டியில் இருந்ததிலேயே கனத்த கண்ணாடி ஒன்றை எடுத்து மேலே வைத்து, நடுவில் விரலால் அழுத்தினேன். தண்ணீர் பரவுவது மாதிரி நாலு பக்கமும் ஓடிப் பிடித்துக்கொண்டது. ஒரு குமிழ் இல்லை. ஓரத்தில் நகம் மாட்டவில்லை.

அன்றைக்கு எனக்குக் கை நடுங்கவே இல்லை.